குடகு வீட்டுத் துப்பாக்கியில் இறுகிப்போன திருகு: கட்டை கெடாமல் கழற்றியது எப்படி

பின்னணி

குடகில் பழைய துப்பாக்கியைப் பரணில் போட்டு வைக்க மாட்டார்கள். கொடவக் குடும்பங்களின் மூத்த வீடான ஐன்மனையில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போள்து அன்று அதைத் துடைத்து, காந்தள் பூ சூட்டி, விளக்கேற்றி வணங்குவார்கள். ஆங்கிலேயர் காலம் தொட்டே கொடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் அது மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் அந்த விலக்கு வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும்தான். துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் கடைக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். அதனால்தான் இந்தத் துப்பாக்கி மைசூரில் உரிமம் பெற்ற ஒரு பட்டறைக்கு வந்தது. இரும்பு வேலை முழுவதும் அந்தப் பட்டறைப் பெரியவருடையது. மரம் சம்பந்தப்பட்டதைப் பார்த்துக்கொள்ள என்னை அழைத்திருந்தார்.

வந்தது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் என்ஃபீல்டு வகை. நாலரை அடிக்குச் சற்று மேல் நீளம், 39 அங்குலக் குழல், குழலைக் கட்டையோடு பிடிக்க மூன்று இரும்பு வளையங்கள், பித்தளையில் விசைக் காப்பு. பூட்டுத் தகட்டில் கிரீடமும் ‘டவர்’ என்ற முத்திரையும் இருந்தன. குழலின் உட்புறம், குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று இப்படி வரிப்பள்ளம் இல்லாத 1858, 1859 மாதிரிகளைச் செய்து கொடுத்தார்கள். கட்டை வால்நட் மரம். ஆளி விதை எண்ணெய் ஊட்டியது. தலைமுறை தலைமுறையாகக் கை பட்டு, பிடியின் கழுத்துப் பகுதி கருஞ்சிவப்பாக மின்னியது. அந்த மின்னலை எந்த வார்னிஷும் திரும்பக் கொண்டுவராது.

வீட்டுக்காரர் சொன்ன குறை இதுதான்: குடகு மழைக்காலத்தில் குழலும் மரமும் சேரும் விளிம்பில் செம்மண் நிறத்தில் நீர் கசிகிறது. அப்படியென்றால் குழலுக்கு அடியில் துரு தின்றுகொண்டிருக்கிறது. குழலைத் தூக்கிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். வீட்டிலேயே ஒருவர் முயன்றிருக்கிறார். மூன்று வளையங்களும் வந்துவிட்டன. குழலின் பின்னால் வால் மாதிரி நீண்டு கழுத்தில் பதிந்திருக்கும் இரும்புப் பட்டையில் உள்ள ஒற்றைத் திருகு மட்டும் அசையவில்லை. சாதாரண திருப்புளி வழுக்கி, திருகின் பள்ளம் ஒரு பக்கம் பிதுங்கி, பக்கத்து மரத்தில் நகக்கண் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. அதோடு அவர்கள் நிறுத்திவிட்டார்கள். இந்த வேலை கடைசியில் நல்லபடியாக முடிந்ததற்குப் பாதிக் காரணம், அன்று அவர்கள் அங்கேயே நிறுத்தியதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் வேலை: உள்ளே ஏதாவது இருக்கிறதா

திருகைப் பார்ப்பதற்கு முன்னால் பெரியவர் குழலைப் பார்த்தார். வாய்வழி கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில், எப்போதோ கெட்டித்த மருந்தும் குண்டும் அப்படியே இருப்பது அரிதல்ல. கருமருந்து காய்ந்திருந்தால் நூறு வருடம் ஆனாலும் பற்றும். எனவே எந்தப் பழைய துப்பாக்கியும், இல்லை என்று காட்டும்வரை, மருந்து உள்ளதாகத்தான் கணக்கு.

சோதனை எளிது. ஒரு மரக் குச்சியைக் குழல் வாய் வழியாக அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் ஒரு கோடு. அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கமாக வைத்து அந்தக் கோட்டை வாய்க்கு நேராகப் பிடித்தால், நுனி நிப்பிளுக்கு, அதாவது குழலின் பின்முனையில் மருந்துக்குத் தீ கடத்தும் சிறு குழாய்க்கு, நேர் வர வேண்டும். இங்கே நாலு விரற்கடை முன்னதாகவே நின்றது. உள்ளே ஏதோ இருக்கிறது.

அன்று திருகை யாரும் தொடவில்லை. மருந்து இருந்தால் நனைந்து பற்றாமல் போகட்டும் என்று வாய் வழியாக வெந்நீர் விட்டு ஊறவைத்தார்கள். துருப்பிடித்த குழலுக்குத் தண்ணீர் நல்லதல்ல என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்த இடத்தில் துருவைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. பிறகு குச்சி முனையில் பொருத்தும் புரிக்கம்பியால் இழுத்தபோது முதலில் குளவிக் கூட்டு மண் வந்தது, அப்புறம் மக்கிய துணிச் சுருள். மருந்தோ குண்டோ இல்லை. குச்சி நிப்பிள்வரை போனதும், உள்ளே விளக்கு விட்டுப் பார்த்து, குழலை உலர்த்தி எண்ணெய் தடவிய பிறகுதான் அடுத்த பேச்சு. பின்னால் சூடு வைக்க வேண்டி வந்தபோது, இந்த ஒரு நாள் தாமதம் எவ்வளவு அவசியம் என்பது விளங்கியது.

கவனித்தவை

திருகு மேலிருந்து கீழாக மூன்று இடங்களைக் கடக்கிறது. தலை, வால்பட்டையின் குழிவில் உட்கார்ந்திருக்கிறது. நடுத்தண்டு, மரத்தில் துளைத்த ஓட்டை வழியாகப் போகிறது. அடியில் மரை, விசையைத் தாங்கும் இரும்புத் தகடான விசைத் தகட்டில் பூட்டிக்கொள்கிறது. மூன்றிலும் துரு இருக்கலாம். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி பிடிக்காது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் எடுக்கும். தலையிலும் மரையிலும் அது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறங்குகிறது. நடுவில் உப்பிய தண்டு மரத்தை நெருக்குகிறது. மேலேயிருந்து முறுக்குபவர் தலையை மட்டும் பார்க்கிறார். அவர் கொடுக்கும் விசையை வாங்குவதோ கழுத்து மரம். கட்டையிலேயே மெலிந்த இடம் அதுதான்.

விசைக் காப்பைக் கழற்றினோம். அதன் மரத்திருகுகள் தொந்தரவு கொடுக்கவில்லை. விசைத் தகட்டின் ஓட்டைக்குள் திருகின் நுனி தெரிந்தது. கறுத்து, தகட்டோடு ஒன்றாகிப் போயிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மரையின் விளிம்பில் பிசின் போல மஞ்சள் படிவம். ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டுக் காய்ந்து கெட்டியானது அது. ஆக இங்கே துருவோடு பசையும் சேர்ந்திருக்கிறது. துரு விட்டாலும் பசை விடாது; பசையை இளக்கச் சூடு வேண்டும்.

மரத்தில் எனக்குக் கவலை தந்தவை இரண்டு. வால்பட்டையின் பின்முனையிலிருந்து கழுத்தை நோக்கி முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியது. பழைய விரிசல்தான், உள்ளே அழுக்கு ஏறியிருந்தது. குழல் பின்னுக்கு உதைக்கும்போது வால்பட்டை மரத்தை ஆப்படிப்பதால் இந்த வகைத் துப்பாக்கிகளில் அடிக்கடி வருவது. இரண்டாவது, ஓட்டையைச் சுற்றி மரம் ஏற்கெனவே எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. எண்ணெய் ஊறிய வால்நட் பஞ்சு மாதிரி ஆகும். அழுத்தினால் அமுங்கும், பிறகு ஒட்டவும் ஒட்டாது.

தவிர்த்தவை

டிரில்லால் திருகைத் துளைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேகமான வழிதான். ஆனால் துளைமுனை பழைய திருகின் நடுவிலிருந்து சற்று விலகினாலும் மென்மையான மரத்துக்குள் பாயும். பள்ளம் சிதைந்த தலையில் அது விலகுவதற்கே வாய்ப்பு அதிகம். தவிர, அந்தக் காலத் துப்பாக்கித் திருகுகளின் மரை இன்று கடையில் கிடைக்கும் எதற்கும் பொருந்தாது. திருகு போனால் லேத்தில் ஒன்றுக்கு ஒன்றாகக் கடைய வேண்டும். அதையும் செய்யலாம், ஆனால் கடைசியில்தான்.

அசிட்டோனும் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து விடுவது மெக்கானிக்குகளிடம் பிரபலம். இரும்பும் இரும்பும் பிடித்த இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். இங்கே கூடாது என்று நான் உறுதியாகச் சொன்னேன். அசிட்டோன் மரத்தின் பழைய மேற்பூச்சை இளக்கி, ஓட்டையைச் சுற்றி வெளிர்வட்டம் போட்டுவிடும். மேலே மரத்தைக் காக்க ஒட்டும் டேப் போடலாம் என்ற யோசனையையும் விட்டோம். பழைய எண்ணெய்ப் பூச்சின் மேல் ஒட்டிய டேப்பை உரிக்கும்போது பூச்சும் கூடவே வரும்.

செய்தது

முதலில் பள்ளம். பிதுங்கிய உலோகத்தை அரத்தால் ராவினால் அது போனது போனதுதான். பெரியவர் ராவவில்லை. பளபளப்பாக்கிய சின்ன உருண்டை முனைச் சுத்தியலால் பிதுங்கலை மெதுவாகத் தட்டி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு தட்டும் காதுக்குக் கேட்டும் கேட்காத அளவு. பிறகு கூர்மையாக்கிய பித்தளைக் கம்பியால் பள்ளத்தின் அடியிலிருந்த அழுக்கைக் கீறி எடுத்தார். அடிப்பகுதி சுத்தமாக இல்லாவிட்டால் திருப்புளி மேலேயே நிற்கும், முறுக்கியதும் ஏறி வழுக்கும்.

அப்புறம் திருப்புளி. கடைத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவம். முறுக்கும்போது தானே வெளியே ஏறப் பார்க்கும். பழைய பிரிட்டிஷ் திருகுகளின் பள்ளமோ மெல்லியது, இரு சுவரும் நேரானது. ஒரு நல்ல எஃகு முனையை எடுத்துச் சாணையில் இரு பக்கமும் குழிவாகத் தேய்த்து, நுனிக்கருகில் இரு முகமும் இணையாக இருக்கும்படி செய்தார். தேய்ப்பதும் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பதுமாக ஒரு மதியம் போயிற்று. கடைசியில் முனையைப் பள்ளத்தில் வைத்துக் கையை எடுத்தால் சாயாமல் தானே நின்றது. அகலம் திருகுத் தலையைவிட ஒரு மயிரிழை குறைவு. தலையைத் தாண்டி நீண்டால் மூலைகள் வால்பட்டையைக் கீறும்.

மரத்துக்கு என் பங்கு: திருகுத் தலை அளவுக்கு ஓட்டை போட்ட மெல்லிய பித்தளைத் தகடு, அடியில் மான் தோல். திருப்புளி வழுக்கினாலும் தகட்டில்தான் படும். வால்பட்டையும் மரமும் சேரும் விளிம்பு முழுவதும் தேன்மெழுகைத் தேய்த்து அடைத்தேன். எண்ணெய் மரத்துக்குள் போகாமல் தடுக்கும் வரப்பு அது. விசைத் தகட்டைச் சுற்றியும் அப்படியே.

எண்ணெயை ஊற்றவில்லை. மெல்லிய துரு நீக்கி எண்ணெயைச் சிரிஞ்சு ஊசியால் தலையின் விளிம்பில் ஒரு துளி, துப்பாக்கியைக் கவிழ்த்து அடி நுனியில் ஒரு துளி. அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. ஒவ்வொரு நாளும் துளி விட்டபின், பித்தளைத் தண்டைத் திருகுத் தலையில் நிறுத்திச் சின்னச் சுத்தியலால் சில தட்டுகள். தட்டுவது திருகை நகர்த்த அல்ல. துருவில் நுண்ணிய வெடிப்பு விழ, எண்ணெய் அதற்குள் இறங்க. அப்போது கழுத்துக்கு அடியில் மணல் பை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்ச்சி முழுவதும் விரிசலுக்குப் போகும்.

ஒரு வாரத்துக்குப் பிறகு கையால் முயன்றபோது அசைவில்லை. உடன் வேலை செய்யும் இளைஞர் கொஞ்சம் கூடுதலாக முறுக்கலாமா என்று கேட்டார். பெரியவர் சொன்னது: “வேண்டாம் தம்பி. முனை பள்ளத்துல கிர்ருனு சத்தம் போட ஆரம்பிச்சாச்சு. இன்னொரு தடவை தள்ளினா பள்ளம் போயிடும்.” அங்கே நிறுத்தியது சரியான முடிவு. பள்ளம் நல்லபடியாக இருக்கும்வரைதான் மற்ற வழிகள் எல்லாம் திறந்திருக்கும்.

சூடு

குழல் காலி என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் இதற்குப் போக முடிந்தது. வாயு விளக்கு வேண்டாம். தீ நாக்கு எங்கே போகிறது என்று கட்டுப்படுத்த முடியாது. பருத்த முனையுள்ள சால்டரிங் அயர்ன் எடுத்து, முனையைத் தட்டையாக ராவி, திருகுத் தலையில் மட்டும் படும்படி வைத்தார்.

சூடு எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. தலை சூடாவது கண்ணுக்குத் தெரியும். மரத்துக்குள் இருக்கும் தண்டு எவ்வளவு சூடாகிறது என்பது தெரியாது. இங்கேதான் தேன்மெழுகு இரண்டாவது வேலை செய்தது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். வால்பட்டையின் விளிம்பில் நான் அடைத்திருந்த மெழுகு மங்கலாக இருந்தது. ஓரிடத்தில் அது கண்ணாடி போலத் தெளிந்து, பளபளத்து, ஈரமான கோடாக மாறியதும் அயர்னை எடுத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்தோம். அந்தச் சூட்டில் மரம் கருகாது, மேற்பூச்சு கொப்பளிக்காது. தலையிலும் தண்டின் மேற்பகுதியிலும் காய்ந்த எண்ணெய்ப் பசை மட்டும் இளகும். அடி மரைக்கு, விசைத் தகட்டின் பக்கமிருந்து நுனியில் அதே மாதிரி தனியாகச் சூடு கொடுத்தார்.

சூடு, ஆறவிடல், ஒரு துளி எண்ணெய். மறுபடி சூடு, ஆறவிடல். ஆறும்போது திருகு சுருங்குகிறது, துருவின் பிடி உடைகிறது. ஈரத்துணி போட்டு வேகமாகக் குளிரவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எண்ணெய்ப் பூச்சு மரத்தில் ஈரம் வெள்ளைத் தழும்பு விடும், செய்யவில்லை.

திறந்தது

கடைசி முயற்சி டிரில்லிங் மெஷினில். துளைக்க அல்ல, அழுத்திப் பிடிக்க. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாணைபிடித்த முனையை மெஷின் வாயில் மாட்டினார்கள். துப்பாக்கியை மேசையில் மணல் பைகளுக்கு நடுவே, திருகு நேர் செங்குத்தாக இருக்கும்படி படுக்கவைத்தோம். குழல் வாய்ப் பக்கம் ஒருவர் தாங்கிக்கொண்டார். பெரியவர் கைப்பிடியை இறக்கி முனையைப் பள்ளத்தில் அழுத்திப் பிடித்தார். இப்போது முனை மேலே ஏறவே முடியாது. கையால் முறுக்கும்போது அழுத்துவதும் திருப்புவதும் ஒரே மனிதனின் வேலை, அதனால் இரண்டும் அரைகுறை. மெஷின் அழுத்துவதை எடுத்துக்கொண்டால், திருப்புகிற கைக்கு நிதானம் வருகிறது.

திருகுத் தலைக்கும் வால்பட்டைக்கும் குறுக்காகச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தோம். எஃகு முனை முறுக்கிக்கொள்வதைத் திருகு நகர்ந்தது என்று கை நம்பிவிடும். கோடு பொய் சொல்லாது. முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு தள்ளல். பிறகு எதிர்த்திசை. ‘டக்’ என்று ஒரு சத்தம். எல்லோரும் மரத்தைத்தான் பார்த்தோம். விரிசல் அப்படியே இருந்தது. கோடு மட்டும் இரண்டாகப் பிரிந்து நின்றது.

உடனே சுற்றி எடுக்கவில்லை. கால் சுற்றுக்குப் பிறகு மறுபடி இறுக்கம்; உப்பிய தண்டு மரத்தை உரசுகிறது. கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, நடுவில் ஒரு துளி எண்ணெய் என்று போய் வந்து, கடைசியில் கையாலேயே வெளியே வந்தது. தண்டு முழுவதும் அம்மைத் தழும்பு. மரை, ஆச்சரியமாக, முழுதாக இருந்தது.

தொடர்ந்தவை

திருகு வந்துவிட்ட மகிழ்ச்சியில் குழலைப் பின்பக்கமாகத் தூக்கினால் வால்பட்டை பின்னால் உள்ள மரத்தைப் பெயர்த்துவிடும். கட்டையைத் தலைகீழாகப் பிடித்து, வாய்ப் பக்கத்திலிருந்து மரச்சுத்தியலால் குழலைத் தட்டி, தானே இறங்கவிட்டோம். குழலின் அடியில் எதிர்பார்த்த துரு. கட்டையின் பள்ளத்தில் நீலக்கறுப்புக் கறை. வால்நட்டின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருவது. கறையை நான் வெளுக்கவில்லை. குழல் வைத்தால் மறையும் இடம், வெளுக்கும் அமிலம் மரத்தை வீணாக நோகடிக்கும்.

மெழுகு வரப்பைத் தாண்டி விசைத் தகட்டருகில் எண்ணெய் காசளவுக்குக் கசிந்திருந்தது. சுண்ணாம்புக் கட்டிப் பொடியை அப்பி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, மஞ்சளானதும் துடைத்துப் புதிதாக அப்பினேன். பெரும்பகுதி ஏறிவந்தது. விரிசலை ஒட்டச் சொன்னார் வீட்டுக்காரர். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது, பிடித்தது போலத் தோன்றிப் பின்னால் விடும். இனி சுடப்போவதில்லை என்பதால் அப்படியே விட்டுவிடலாம் என்றேன், ஒத்துக்கொண்டார். திருப்புளி போட்ட கீறலை நனைத்த துணியும் சூடும் வைத்து எழுப்பலாம். ஆனால் சுற்றியுள்ள பூச்சு போகும். அதையும் தொடவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

டிரில்லிங் மெஷின் முறையைக் கடைசிக்கு வைத்திருக்க வேண்டியதில்லை. சூடு முடிந்ததும் கையால் முயலாமல் அதற்கே போனது சரி. அதற்கு முந்தைய வாரத்துக் கை முயற்சியையும் தவிர்த்திருக்கலாம், பள்ளத்தின் தேய்மானம் கொஞ்சம் குறைந்திருக்கும். அடிப்பக்கத்து எண்ணெய்த் துளிகளையும் குறைக்கலாம். காய்ந்த எண்ணெய்ப் பசையை உடைத்தது பெரும்பாலும் சூடுதான். துருவில் எண்ணெய் செய்தது உதவி, ஆனால் மரத்தில் கசிந்ததும் அதே எண்ணெய். பூதக்கண்ணாடியில் மஞ்சள் படிவம் தெரிந்தால், சூட்டை இன்னும் முன்னதாகவே எடுக்கலாம் என்பது பெரியவரின் கருத்து, என் கருத்தும்.

பழைய திருகையே சுத்தம் செய்து, மரையில் தேன்மெழுகு தடவி, கை இறுக்கத்துக்கு மட்டும் போட்டோம். பள்ளம் குழலுக்கு நேராக நிற்காமல் சற்றுச் சாய்வாக நின்றது. நேராக்குவதற்காக இறுக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, சாணைபிடித்த அந்த முனையையும் ஒரு பிடியில் மாட்டி அவரிடமே கொடுத்தோம். மழை முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை அந்தத் திருகை அரைச் சுற்று கழற்றி மறுபடி போட வேண்டும். வளையங்கள், விசைக் காப்பு எல்லாம் பூட்டி, கைல்போள்துக்கு முன்பே துப்பாக்கி ஊருக்குப் போய்விட்டது.